கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவோம்... காருக்கு?

தென்காசி மார்க்கெட்டில் ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாயாவது குறைக்காமல் நான் பையைத் திறந்ததே கிடையாது. குறைத்த பிறகும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டு வாங்கினால்தான் மனசு நிறையும். அப்பேர்ப்பட்ட நான், எட்டே முக்கால் லட்ச ரூபாய்க்கு ஒரு தாளை என் கணவர் முன்னால் நீட்டியபோது, ஷோரூமில் கொடுத்த ஜில்லென்ற ரோஸ்மில்க்கைக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன, சிரிப்பு வருகிறதா? எனக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது.

நடந்தது 2024 ஆடி மாதம். கதையை ஆனியிலிருந்து தொடங்க வேண்டும்.

என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு. மாதம் ஒரு தரம் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். இங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி இறங்க அவர்களால் முடியாது. எங்களிடம் இருந்தது 2011-ஆம் வருட வண்டி. ஆனி மாதச் சாரலில் ஆலங்குளத்தைத் தாண்டியதும் அது நின்றுவிட்டது. மூடிக் கிடந்த ஒரு டீக்கடையின் தாழ்வாரத்தில் அத்தை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மட்டும், "அடுத்த மாசம் நான் வரலம்மா. மாத்திரையை மட்டும் வாங்கிட்டு வந்திருங்க" என்றார்கள். அன்றைக்கே, புது வண்டி வாங்கியாக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கையில் இருந்தது, நான் ஆறு வருடம் கட்டிய சீட்டுப் பணம் மூன்றரை லட்சம். பழைய வண்டியை விற்றால் கொஞ்சம் வரும். மிச்சத்துக்குக் கடன். மகள் காலேஜில் படிக்கிறாள். மாதத் தவணை ஏழாயிரத்தைத் தாண்டினால் அவள் ஃபீஸில் கை வைக்க வேண்டி வரும். எங்கள் கணக்கு இவ்வளவுதான்.

ஷோரூமின் பெயர் வேண்டாம். எல்லாரும் பிழைக்க வந்தவர்கள். நாங்கள் உள்ளே போனதும் அந்தப் பையன் என் கணவரைப் பார்த்தே பேசினான். "மேடத்துக்குக் கலர் பிடிச்சிருக்கான்னு கேளுங்க சார்" என்று, கலருக்கு மட்டும் என் பக்கம் திரும்பினான். கடைசியில் ஒரு தாள் வந்தது. அடியில் 8,75,000 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "இன்னிக்கே பத்தாயிரம் அட்வான்ஸ் போட்ருங்க சார், ஆடி ஆஃபர் இன்னியோட முடியுது" என்றான். இவர் ஃபோனை எடுத்துவிட்டார்.

எனக்கு அப்போது வாயில் வந்தது ஒரே ஒரு வாக்கியம்: "வீட்ல பெரியவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதோம்."

நம்மைப் பார்த்து நாலு பேர் கேலி செய்கிற வாக்கியம்தான் இது. ஆனால் சகோதரிகளே, சொல்கிறேன் கேளுங்கள்: கையெழுத்துப் போடும் இடத்திலிருந்து மரியாதையாக எழுந்து வர இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

வெளியே வந்ததும் இவருக்குக் கோபம். "கார் என்ன கத்தரிக்காயா? அவன் நம்மளப் பத்தி என்ன நினைப்பான்?" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நம் பெரியவர்கள் காலத்தில் காருக்குப் பேரம் என்ற பேச்சே கிடையாது. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். 1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி 800 டெல்லியில் கைமாறிய பிறகும், அதைப் பதிவு செய்து காத்திருந்தவர்கள்தான் அதிகம். கொடுத்தால் போதும் என்று வாங்கின காலம் அது. இன்றைக்கு நம்மைத் தேடி அவர்கள் ஃபோன் செய்கிறார்கள். காலம் மாறியது நமக்குத்தான் இன்னும் உறைக்கவில்லை!

வீட்டில் அத்தையிடம் தாளைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "வெண்கலப் பானை வாங்குனாக்கூட தட்டிப் பாத்துத்தான வாங்குவோம். இதத் தட்டிப் பாத்தியளா?" என்றார்கள். அந்தக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது.

அன்று ராத்திரி மகளின் பழைய கணக்கு நோட்டில் அந்தத் தாளில் இருந்ததை வரி வரியாக எழுதினேன். வண்டி விலை, அதாவது எக்ஸ்-ஷோரூம், 6,80,000. ஆயுள் வரி 88,400. இன்ஷூரன்ஸ் 42,000. ஹேண்ட்லிங் 7,500. பதிவுச் செலவு 9,500. அலங்காரச் சாமான்கள் 24,000. கூடுதல் வாரண்டி 14,000. பெயின்ட்டுக்கு மேல் பூச்சு 9,000. ஃபாஸ்டாக் 600. ஆக ஒன்பது வரி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: காருக்கு ஒரு விலை இல்லை, ஒன்பது விலை இருக்கிறது. மொத்தத்தைக் காட்டி "ஏதாவது குறைங்க" என்று கேட்டால் அவர்கள் ஐயாயிரத்தைக் குறைத்து அனுப்பிவிடுவார்கள். வரி வரியாகக் கேட்டால்தான் வழி பிறக்கும்.

அடுத்த பத்து நாட்கள் விசாரித்துக்கொண்டே இருந்தேன். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டான என் சிநேகிதி, பாங்கில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், எங்கள் மெக்கானிக் என்று ஒருவரையும் விடவில்லை. தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆயுள் வரியில் பேரம் இல்லை. அது அரசாங்கத்துக்குப் போவது. ஆனால் சரிபார்க்கலாம். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் இந்த வரி மாறியது. வண்டி விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, பத்திலிருந்து 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எங்கள் 6,80,000-க்கு 13 சதவீதம் என்றால் 88,400 சரியாக வந்தது.

இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. புதுக் காருக்கு, பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான இன்ஷூரன்ஸை மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து விதி. நம் வண்டிக்கான பாகத்தை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். அதே பாதுகாப்பு, அதே ஐ.டி.வி. தொகை - அதாவது வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு - வைத்து சிநேகிதி கொடுத்த விலை 31,000. ஷோரூமில் 42,000! ஒப்பிடும்போது ஐ.டி.வி. ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் குறைத்துவிட்டு விலை மலிவு என்று காட்டுவதும் உண்டு.

பதிவுச் செலவில், சொந்த உபயோகக் காருக்கு அரசுப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால் அந்தக் கடனை ஆர்.சி.யில் குறிக்க 1,500. ஸ்மார்ட் கார்டுக்குச் சில நூறு. அப்படியானால் 9,500 எதற்கு என்று கேட்கலாம் அல்லவா? ஹேண்ட்லிங் என்பது வண்டியை ஷோரூம் வரை கொண்டு வந்து நிறுத்திய செலவாம். கடையில் அரிசி வாங்கினால், மூட்டை இறக்கின கூலியைத் தனியாக நம்மிடம் கேட்பார்களா?

கூடுதல் வாரண்டி கெட்டதல்ல. ஆனால் கம்பெனி வாரண்டி முடிவதற்குள் பிறகும் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தக் கம்பெனிப் புத்தகத்திலேயே இருந்தது. அலங்காரச் சாமான்களில் எங்களுக்கு வேண்டியது மிதியடியும் மட்ஃப்ளாப்பும்தான்.

பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்சில் 1,10,000 சொன்னார்கள். எங்கள் மெக்கானிக் மூலமாக வெளியே 1,38,000-க்குக் கொடுத்தோம். வெளியே விற்றால் ஒரு விஷயம் முக்கியம்: ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை விடக்கூடாது. மாறாமல் அந்த வண்டி எங்காவது இடித்தால் நோட்டீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும்.

இவ்வளவையும் நோட்டில் எழுதி, திருநெல்வேலியில் அதே கம்பெனியின் வேறொரு டீலரிடமும் எழுத்தில் விலை வாங்கிக்கொண்டேன். ஒரே கம்பெனி வண்டிதான், ஆனால் டீலருக்கு டீலர் தள்ளுபடி மாறுகிறது!

இதற்கு நடுவே வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேட்டோம். மெயின் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்றான் பையன். "குற்றாலம் போய் ஐந்தருவி வரைக்கும் போவோம் தம்பி" என்றேன். அத்தையையும் ஏற்றிக்கொண்டோம். சீசன் நேரம், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வழியெல்லாம் வேனும் பஸ்ஸுமாகக் கூட்டம். வைப்பர் எப்படித் துடைக்கிறது, கண்ணாடியில் பனி படிந்தால் ஏ.சி. போட்டதும் விலகுகிறதா, நெரிசலில் நின்று நின்று போகும்போது எப்படி இருக்கிறது - எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஐந்தருவியில் அத்தையை இரண்டு தரம் இறக்கி ஏற்றிப் பார்த்தேன். முதலில் நாங்கள் ஆசைப்பட்ட வண்டியில் சீட் ரொம்பத் தாழ்வு, முழங்காலை மடக்கி எழ அவர்களுக்கு முடியவில்லை. இதில் கையை ஊன்றித் தானாக எழுந்தார்கள். வண்டி யாருக்காகவோ அவர்களை உட்கார வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

திரும்பி வரும்போது அந்தப் பையன் மெதுவாக, "அக்கா, மாசக் கடைசியில வாங்க. எங்களுக்கு டார்கெட் இருக்கும். மேனேஜர் கொஞ்சம் இறங்குவாரு" என்றான். முதல் நாள் "இன்னியோட முடியுது" என்றவனும் இவன்தான். அவனுக்கும் வீடு வாசல் உண்டு. அவன் மேல் எனக்கு அதற்குப் பிறகு வருத்தமே இல்லை.

ஜூலை 30-ஆம் தேதி போனோம். ஆடியில் புது வண்டி எடுக்க நம்மவர்கள் தயங்குவார்கள், அதனால்தான் தள்ளுபடியே. தள்ளுபடியோடு ஆடியில் பில் போட்டுக்கொண்டு, வண்டியை ஆவணியில் எடுத்துக்கொள்கிறோம் என்றோம். மேனேஜர் வந்தார். நான் நோட்டைப் பிரித்தேன். முதல் வரி, இரண்டாம் வரி என்று கேட்டுக்கொண்டே போனேன். குரல் நடுங்கியது நிஜம். கை வேறு சில்லிட்டுப் போயிற்று. நடுவில் அவர் சிரித்துக்கொண்டே, "மேடம், இவ்வளவு எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"அதனாலதான் சார் நான் கேக்குதேன்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ!

ஹேண்ட்லிங்கை எடுக்க முடியாது என்றார். நோட்டை மூடிவிட்டு எழுந்தேன். இவர் முகம் சிவந்துவிட்டது. நான் கதவு வரை போய்விட்டேன். ஐந்து வினாடி இருக்கும், எனக்கு அது ஐந்து நிமிஷம். பிறகு பின்னால், "உக்காருங்க மேடம், பேசுவோம்" என்ற குரல் கேட்டது.

கடைசியில் நின்ற கணக்கு இது: வண்டி விலையில் 20,000 தள்ளுபடி. ஹேண்ட்லிங் 7,500 போயிற்று. இன்ஷூரன்ஸ் 31,500-க்கு வந்தது. பதிவுச் செலவு 3,500 ஆனது. இந்த நாலிலும் சேர்த்துக் குறைந்தது 44,000. மிதியடிக்கும் மட்ஃப்ளாப்புக்கும் 4,500 மட்டும் கொடுத்து, மற்ற சாமான்களையும் மேல் பூச்சையும் கூடுதல் வாரண்டியையும் வேண்டாம் என்றதில் 42,500 மிச்சம். 8,75,000 என்று இருந்தது 7,88,500-ல் முடிந்தது. அவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, ஆவணி டெலிவரி வரை இந்த விலை மாறாது என்று சேர்த்து, சீல் வைத்துக் கையெழுத்து வாங்கினேன். அதன் பிறகுதான் இவர் ஃபோனை எடுத்தார்.

பில் போடுவதற்கு முன்னால், எங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியை யார்டில் போய்ப் பார்த்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோவாவில் ஒருவர் 2011 மாடல் என்று பணம் கட்ட, டீலர் அவருக்குக் கொடுத்தது 2009-ல் தயாரித்த வண்டி. அடியில் துரு, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியதும்கூட. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2021 பிப்ரவரியில்தான் முடிந்தது. டீலர் வேறு, கம்பெனி வேறு, டீலர் செய்ததற்கெல்லாம் கம்பெனி பொறுப்பாகாது என்று தீர்ப்பானது. பெரிய கம்பெனிப் பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

பதினேழு எழுத்து சேஸிஸ் நம்பரைத் தாளோடு ஒப்பிட்டோம். தயாரித்த மாதமும் வருடமும், ஃபாரம் 21 என்கிற விற்பனைச் சான்றிதழில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 1824 என்றால் 2024-ன் பதினெட்டாவது வாரம் என்று அர்த்தம். ஓடிய கிலோமீட்டர், பெயின்ட், கண்ணாடி, ஸ்டெப்னி எல்லாம் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். வண்டி பதிவாகிவிட்டால் அப்புறம் மாற்றிக் கொடுங்கள் என்று மன்றாட வேண்டியதுதான்.

இனி கடன். அங்கேயே ஒருவர், "ஏழு பர்சென்ட்தான் மேடம், பாங்க்ல ஒன்பது" என்றார். ஏழு குறைவுதானே என்று எனக்கும் தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரர்தான் விளக்கினார். மூன்று லட்சத்துக்கு ஐந்து வருடம், ஏழு சதவீத ஃப்ளாட் வட்டி என்றால், கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டி முழு மூன்று லட்சத்துக்குமே. மாதம் 6,750, மொத்த வட்டி 1,05,000. பாங்கின் ஒன்பது, குறைந்துவரும் அசலுக்கு மட்டும். மாதம் சுமார் 6,230, மொத்த வட்டி சுமார் 73,650. அந்த ஏழு, நிஜத்தில் பன்னிரண்டரை! "ஃப்ளாட்டா, குறையும் வட்டியா?" என்ற ஒரு கேள்வியில் முப்பதாயிரத்துக்கு மேல் மிஞ்சியது. இப்போது இன்னும் வசதி. 2024 அக்டோபர் 1 முதல், கடன் தருகிறவர்கள் வட்டி, மற்றச் செலவுகள் எல்லாம் சேர்ந்த வருடச் சதவீதத்தை ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு இடத்தில் ஏமாந்தேன், அதுவும் என் அசட்டையால். பழைய வண்டிக்குப் பல வருடமாக நாங்கள் இன்ஷூரன்ஸில் நஷ்ட ஈடே கேட்டதில்லை. அதற்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமல்ல, நமக்குச் சொந்தம். பழைய வண்டியை விற்றதும் அதற்கு ஒரு சான்று வாங்கி, மூன்று வருடத்துக்குள் புது வண்டிக்குக் கொண்டு வரலாம். நம் வண்டிக்கான பாகத்தில் ஐம்பது சதவீதம் வரை குறையும். பாலிசி கைக்கு வந்த பிறகுதான் இது தெரிந்தது. அன்று என் நோட்டில் பத்தாவது வரியாக அதை எழுதி வைத்தேன். நீங்கள் முதல் வரியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் வாங்கிய பிறகு இன்னொன்றும் மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்து, மேல்வரியும் போயிற்று. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி. வரை, டீசல் என்றால் 1,500 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தும். எனவே பழைய விலைத் தாளை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். எழுதிக் கொடுத்ததை மீறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் அங்கே போய் நிற்கவும் கையில் எழுத்து வேண்டும். வாயால் சொன்னது சாரலோடு போய்விடும்.

ஆவணி முதல் வாரம் டி.என். 76 நம்பரோடு வண்டி வந்தது. பண்பொழி திருமலைக்கோவிலுக்கு மலைப்பாதையில் ஏறி, பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். இறங்கி வரும்போது இவர் என்னிடம், "ஃப்ரிட்ஜ் மாத்தணும்னு சொன்னியே, எப்பம் போவோம்? நோட்டையும் எடுத்துக்கோ" என்றார். இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதுதான் பெரியது!

மறு வாரம் திருநெல்வேலி ஆஸ்பத்திரி நாள். "நான் வரலம்மா" என்று அத்தை சொல்லவில்லை. காலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏறுவதற்கு முன் விரலை மடக்கி வண்டிக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

"ம்... சரியாத்தான் இருக்கு" என்றார்கள்.